தண்ணீர்க் கூலர் மாட்டினால் மண்டபத்து வெக்கை அடங்குமா?

கேள்வி: மண்டபத்தில் கல்யாண வீடியோ, போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். ஐ5-12400 ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் கொண்ட கணினியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் இருபது நிமிடத்துக்குப் பிறகு வேகம் பாதியாகக் குறைகிறது. வெப்பம் காட்டும் மென்பொருளில் ப்ராசஸர் 98 டிகிரி, மதர்போர்டு 91 டிகிரி என்று வருகிறது. ராமநாதபுரத்திலிருந்து வரும் சர்வீஸ்காரர், 14,500 ரூபாய்க்கு, ப்ராசஸரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கூலர் மாட்டி, ஓவர்கிளாக்கும் செய்து தருவதாகச் சொல்லி 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். இப்போதைக்குப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்து ஓட்டுகிறேன். அவர் சொல்கிறபடி செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். மீதி 12,500 ரூபாயை அவரிடம் கொடுக்கும் முன், உங்கள் கணினியில் ஓவர்கிளாக் செய்யவே, அதாவது ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டவே, முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களில் பொதுவாகப் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றை மட்டுமே, அதுவும் 'இசட்' வரிசை மதர்போர்டில் பொருத்தினால்தான், குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியும். உங்கள் ப்ராசஸருக்கு அந்த எழுத்து இல்லை. உங்கள் எச்610 மதர்போர்டோ 'இசட்' வரிசையே அல்ல, இந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் கடைக்குட்டி. பிறகு எதைச் செய்துவிட்டு ஓவர்கிளாக் என்று காட்டுவார்கள் என்று கேட்பீர்கள். 2.5 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட இந்த ப்ராசஸர், தேவைப்படும்போது தானாகவே 4.4 வரை ஏறும்படிதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. விண்டோஸில் மின்சார அமைப்பை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிவிட்டு, திரையில் 4.4 என்று மின்னும் எண்ணைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், 2.5-ஐ 4.4 ஆக்கிவிட்டேன்" என்பார்கள். கன்றுக்குட்டி வளர்ந்ததற்குக் கொட்டகை போட்டவன் கூலி கேட்பது போன்றது இது. இதற்குக் காசு கொடுத்த பல பேரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணினிக்கு வேகம் போதாமல் இல்லை. இருக்கிற வேகத்தை வெக்கை தின்கிறது. இந்த ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது, எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தளர்வதற்கு அதுதான் காரணம். இந்த நிலையில் இருக்கிற ஒன்றை இன்னும் விரட்டினால் மின்னழுத்தமும் சேர்ந்து ஏற வேண்டியிருக்கும். மின்னழுத்தம் 10 சதவீதம் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 21 சதவீதம் கூடும், ஏனென்றால் அது இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஆகவே ஓவர்கிளாக் முடிந்திருந்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தண்ணீர்க் கூலர் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய இரண்டு எண்களில் என்னைக் கவலைப்படுத்துவது ப்ராசஸரின் 98 அல்ல, மதர்போர்டின் 91. ப்ராசஸரைச் சுற்றி, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாகக் குறைத்துக் கொடுக்கும் சின்னச் சின்னச் சில்லுகளும் சுருள்களும் இருக்கின்றன. கடைக்காரர்கள் இதை வி.ஆர்.எம். என்பார்கள். உங்கள் ப்ராசஸர் முழு மூச்சாக ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும்; அவ்வளவு குறைந்த வோல்ட்டில் அது நூறு ஆம்பியருக்கு நெருங்கிய மின்னோட்டம். உங்கள் வீட்டு மேசை கிரைண்டர் ஓர் ஆம்பியர்கூட இழுப்பதில்லை. விலை குறைந்த எச்610 போர்டுகளில் இந்தச் சில்லுகள் மேல் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகூடப் பெரும்பாலும் இருக்காது. இப்போது அவற்றைக் காப்பாற்றுவது, ப்ராசஸரோடு இலவசமாக வந்த வட்ட விசிறி கீழ்நோக்கி ஊதும் காற்றுதான். தண்ணீர்க் கூலர் மாட்டினால் அந்த விசிறி போய்விடும். ப்ராசஸரின் வெப்பம் குழாய் வழியாகப் பெட்டியின் ஓரத்துக்குச் சென்றுவிடும். மதர்போர்டின் மேல் காற்றே படாது. ப்ராசஸர் 75 டிகிரி காட்ட, போர்டு 100-ஐத் தாண்டும். மூன்று மாதத்தில் போர்டு போய்விட்டது என்று அழைப்பீர்கள், அவர் புதுப் போர்டோடு வருவார். காற்று கூலரோ தண்ணீர்க் கூலரோ, அறையில் இருக்கிற வெப்பநிலைக்குக் கீழே எதுவும் இறக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே அறை 38 டிகிரி என்றால், எல்லாக் கணக்கும் 38-இலிருந்துதான் தொடங்கும்.

அடுத்து டேபிள் ஃபேன். தயவுசெய்து இன்றே மூடியை மாட்டிவிடுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர் மூடியைத் திறந்து ஃபேன் வைத்தால் தூசு மட்டுமே சேரும். மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடையடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்றில் உப்பு உண்டு. பாம்பன் பழைய பாலத்தை 1914-இல் கட்டியதிலிருந்து துருவோடு மல்லுக்கட்டிய கதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காற்றை நீங்கள் ஃபேன் வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் செம்புக் கோடுகள் ஓடும் பலகைமேல் ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சென்ற மாதம் பாம்பனிலிருந்து ஒரு கணினி வந்தது. பெட்டியின் திருகுகள் நான்கில் மூன்று துருவேறி, திருப்புளி வழுக்கியது. திறந்தால் ரேம் செருகும் இடத்தின் ஓரத்தில், துடைத்தால் போகும் என்று தோன்றும்படி, பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. ஈயம் வைத்த முனைகளில் கள்ளிப்பால் காய்ந்தது போல் வெள்ளைப் பூப்பு. நகத்தால் சுரண்டினேன், பூப்போடு சேர்ந்து ஓர் இணைப்பின் ஓரமும் உதிர்ந்தது. அந்தக் கணினியின் உரிமையாளரும் மூடியைக் கழற்றி ஃபேன் வைத்தவர்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. முதலில் அந்த இலவச விசிறியின் நான்கு மூலைகளிலும் உள்ள கருப்புப் பிளாஸ்டிக் ஆணிகளைப் பாருங்கள். அவற்றில் ஒன்று மதர்போர்டில் முழுதாக இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்பது மிகச் சாதாரணமாக நடப்பது. அது ஒன்றே 98 டிகிரிக்குப் போதும். பிறகு விசிறியைக் கழற்றி, ப்ராசஸர் மேல் காய்ந்திருக்கும், வெப்பம் கடத்தும் பேஸ்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மீண்டும் அழுத்துங்கள். சாந்து பூசுவது போல் தடவ வேண்டாம்.

சுத்தம் செய்வதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடிப்பது. அந்தக் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும். நாம் ஒழிக்க நினைக்கும் ஈரத்தையே பீய்ச்சியடிப்போம். கையில் பிடிக்கும் ப்ளோயர் போதும், ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சர்வீஸ்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஐபிஏ என்ற ஆல்கஹாலைத் தடவுவது. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது. உப்பு அதில் அநேகமாகக் கரையவே கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே உப்பேறிய போர்டை, சிறு பேட்டரிச் செல்லையும் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் தோய்த்த மென்மையான பிரஷால் தேய்த்து, அதன் பிறகு ஆல்கஹால் விட்டு அந்தத் தண்ணீரை வெளியேற்றி, நன்றாகக் காயவைத்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், ஆனால் செய்கிறவரிடம், "உப்பை எதில் கழுவுவீர்கள்?" என்று கேளுங்கள். ஆல்கஹால் என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு காசும் செலவில்லாத வழி இருக்கிறது. உங்கள் ப்ராசஸருக்குள்ளேயே, வீடியோவைச் சுருக்குவதற்கென்று 'குவிக் சிங்க்' என்ற தனிச் சுற்று இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் கொடுக்கும் இடத்தில் 'சாஃப்ட்வேர் என்கோடிங்' என்றிருந்தால் 'ஹார்டுவேர்' என்று மாற்றுங்கள். சுருக்கும் வேலையின் பெரும்பகுதி அந்தச் சுற்றுக்குப் போகும், வெப்பமும் குறையும், நேரமும் குறையும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் பவர் லிமிட் என்ற இடத்தில் நீடித்த அளவை 65 வாட் என்று வையுங்கள். இன்டெல் சொல்லும் அளவு அதுதான்; போர்டு தயாரிப்பவர்கள் பலர் விளம்பரத்துக்காக அதை உயர்த்தி வைத்து அனுப்புகிறார்கள். ப்ராசஸரின் ஆறு கோர்களும் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது சற்றே இறங்கும்; ஆனால் இருபது நிமிடத்துக்குப் பிறகு பாதியாக விழாது.

வெப்பம் எதிரி, கணினியைத் தேவையில்லாமல் ஓட்டாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். கடலோரத்தில் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்டுடியோ வைத்திருக்கும் உங்களுக்கு அது முக்கியம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை. கணினியை அணைத்து, துணியால் மூடி, ஆவணியில் திறக்கிறீர்கள். ஆவணியில் அது உயிர்பெறுவதில்லை. காரணம் உங்கள் சமையலறை உப்பு ஜாடியில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்புக்கல் தானே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். வாலிநோக்கம் உப்பு பருவக்காற்றில் எப்படி நீர்விட்டு நிற்குமோ, அப்படியே உங்கள் போர்டில் படிந்த உப்பும் நிற்கும். ஆனால் ஓடுகிற கணினிக்குள் இப்படி நடப்பதில்லை. வெளியே 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று பெட்டிக்குள் நுழைந்து 42 டிகிரி ஆனால் அதன் ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். அதாவது மிதமான சூடு போர்டை உலர்த்துகிறது. அணைந்து கிடக்கும் கணினியில் உப்பு நீராகி, அந்த நீர் செம்பை அரித்துக்கொண்டே இருக்கிறது. அணைத்தாலும் விடாமல் 5 வோல்ட் ஓடும் இடங்களில் இன்னும் வேகமாக அரிக்கும். எனவே ஆடியில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓட விடுங்கள். வேலை முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஏசி இருந்தால், அதை நிறுத்திய கையோடு சன்னலைத் திறக்காதீர்கள்: 20 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் உலோகத்தில் கடற்காற்று பட்டால், கூலாக எடுத்த கோலி சோடா பாட்டில் போலப் போர்டு வேர்த்துவிடும். மூடும் துணியும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிர்ப்புறம் வையுங்கள்.

யாரிடம் பழுதுபார்க்கக் கொடுத்தாலும், போர்டின் சீரியல் எண் ஸ்டிக்கரை முதலில் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "வெக்கையில் போர்டு போய்விட்டது, பழையதைக் கழித்துக்கொண்டு வேறு தருகிறேன்" என்று சொல்லி, நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டு எங்கோ பழுதாகி ஒட்டவைத்ததைப் பொருத்திவிட்டுப் போவது இந்தப் பக்கம் நடக்கிறது. மூன்று ஆண்டு கம்பெனி வாரண்டி உள்ள பொருளுக்கு, தன் பில்லில் 'ஓராண்டு' என்று எழுதித் தருவதும் அதே வித்தைதான். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் பொருளின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

வாரண்டி இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. என் வாடிக்கையாளர் ஒருவரின் போர்டை வாரண்டிக் காலத்துக்குள் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, திருகு துளையின் ஓரத்தில் இருந்த கடுகளவு பச்சைப் புள்ளியைப் படம் பிடித்து, "அரிப்பு, வாரண்டி பொருந்தாது" என்று திருப்பி அனுப்பினார்கள். விற்கும்போது கடலோரம் என்று தெரிந்துதானே விற்றார்கள் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை; போன் செய்தால் எண்ணை அழுத்தச் சொல்லும் குரல், அதற்கு மேல் ஒரு டிக்கெட் எண். இதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும்.

உங்கள் முன்பணம் 2,000 ரூபாய் பற்றி. ஓவர்கிளாக் செய்து தருகிறேன் என்று அவர் சொன்னது வாட்ஸப்பில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். என் போர்டில் அது முடியாதாமே, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் கணினியைக் கையில் எடுக்கும்போது, அந்த நான்கு கருப்பு ஆணிகளையும் விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.