பதில்: மூணு வயசுப் பையனுக்குப் பசியே அடங்கல
அக்கா, உங்க பையன் 28 கிலோ, ரெண்டு ரொட்டி சானாய் முடிச்சிட்டு குழம்புத் தட்டை வழிச்சு நக்கிட்டு மறுபடி அழுறான், மாமியார் உங்க வளர்ப்பைத்தான் குத்தம் சொல்றாங்கன்னு போட்டிருக்கீங்க, வளர்ப்பு மட்டும் இப்படி பண்ணாதுக்கா. எம்சி4ஆர்னு ஒரு ஜீன், மூளைக்கு போதும்னு சொல்ற வேலை அதோடது, அம்மா அப்பாகிட்டேர்ந்து வர்ற அதோட ரெண்டு நகல்ல ஒண்ணு கெட்டாலே பசி அடங்குறது கஷ்டம். லெப்டின்ங்கிற பசி அடக்குற ஹார்மோனைச் செய்யுற ஜீன்ல ரெண்டு நகலும் கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம், 1997ல தான் பிள்ளைங்ககிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு லெப்டின் ஊசியே இருக்கு. பயப்படாதீங்க, பெரும்பாலும் இப்படி ஒத்த ஜீன் கோளாறா இருக்காது லா. ஆனா அஞ்சு வயசுக்குள்ள இவ்வளவு எடையும் பசியும்னா கேட்டே ஆகணும். பினாங்குல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்ல, ரெஃபரல் லெட்டர் வாங்கி பிள்ளைங்க ஹார்மோன் டாக்டர்கிட்ட போங்க, பொறந்ததுலேர்ந்து எடை குறிச்ச புக்கை மறக்காதீங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும்.