ஜிப் வேண்டாம், பிராஞ்சை வரலாற்றோடு கொண்டுபோங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்துதான். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கிட் ரிப்போவில் (கோடு, அதாவது நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் கிடங்கு) இருக்கும் ஒரு பிராஞ்சை, அதாவது தனிக் கிளையாகச் செய்த வேலையை, வேறு ரிப்போவுக்குக் கொண்டுபோவது எப்படி? அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கமிட் என்றால் ரிப்போவில் பதிவு செய்த ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. பழைய கிட் ரிப்போவில் ஜிஎஸ்டி மாற்றங்களுக்கென்று தனி பிராஞ்ச் வைத்து வேலை செய்தோம். இப்போது முதலாளி வேறு இடத்தில் புது ரிப்போ தொடங்கி, அந்த பிராஞ்சை மட்டும் அங்கே கொண்டுபோகச் சொல்கிறார். கூட வேலை செய்யும் அண்ணன், "ஜிப் டவுன்லோட் பண்ணி, அங்க போட்டு ஒரே கமிட்டா அடிச்சிடு, முடிஞ்சுது" என்கிறார். செய்யலாமா சார்?
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்: செய்யாதீர்கள் தம்பி. ஜிப்பில் வருவது இன்றைக்கு இருக்கிற ஃபைல்கள் மட்டும்தான். கோடில் எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பது அதில் வராது. அடுத்த வருடம் ஒரு கம்பெனிக்காரர் "இந்த இன்வாய்ஸில் வரி ஏன் இப்படி ரவுண்ட் ஆகிறது" என்று கேட்டு, நீங்கள் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், கோடின் அத்தனை வரிக்கும் ஒரே பெயர், ஒரே தேதிதான் வந்து நிற்கும். மூலப்பத்திரம் இல்லாத மனையை யாராவது வாங்குவோமா? ஜிப்பிலிருந்து வந்த கோடும் அப்படிப்பட்டதுதான்.

கிட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த வேலைக்குப் பயமே இருக்காது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கினார். இதில் ஒவ்வொரு கமிட்டுக்கும் வழக்கமாக 40 எழுத்து நீள ஹாஷ், அதாவது அடையாளக் குறியீடு, ஒன்று உண்டு. ஃபைல்களின் நிலை, எழுதியவர் பெயர், தேதி, கமிட் செய்தி, இவற்றோடு முந்தைய கமிட்டின் ஹாஷ் என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. பிராஞ்ச் என்பது கடைசி கமிட்டின் ஹாஷைச் சுட்டும் ஒரு பெயர், அவ்வளவுதான். அதனால் பிராஞ்சை அனுப்பினால் அதன் பின்னால் இருக்கும் கமிட் வரிசை முழுவதும் தானாகவே கூட வந்துவிடும், நீங்கள் தனியாக எதையும் பொறுக்கி எடுக்க வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். புது ரிப்போவைக் காலியாகத் தொடங்குங்கள். ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) ஃபைல் சேர்க்கவா என்று ரிப்போ வைக்கும் தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் கீழே வருகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் பழைய ரிப்போவின் குளோனுக்குள் (இறக்கிவைத்த பிரதி) போய், ஜிஎஸ்டி பிராஞ்சுக்கு மாறி, கிட் புல் (சர்வரில் உள்ள புது மாற்றங்களை இறக்கும் கட்டளை) கொடுத்து எல்லாருடைய வேலையும் வந்துவிட்டதா என்று பாருங்கள். பலரும் இதை விட்டுவிட்டு, தங்கள் மெஷினில் கிடக்கும் போன வார நிலையை அனுப்பிவிட்டு அப்புறம் தேடுகிறார்கள். அடுத்து "கிட் ரிமோட் ஆட் புதுசு" என்று போட்டு, பக்கத்திலேயே புது ரிப்போவின் முகவரி ('புதுசு' என்பது அதற்கு நாம் வைக்கும் பெயர், கட்டளைகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்). அப்புறம் அனுப்புவதற்கு "கிட் புஷ் புதுசு" என்று எழுதி பிராஞ்சின் பெயர். முடிந்தது. அங்கே வேறு பெயரில் இருக்க வேண்டும் என்றால் பழைய பெயர், முக்காற்புள்ளி, புதிய பெயர் என்று இடைவெளி விடாமல் கொடுத்தால் போதும். டேக்குகள் (குறிப்பிட்ட கமிட்டுக்கு வைத்த பெயர்கள்) இப்படி வராது, அவற்றைத் தனியாகத்தான் புஷ் செய்ய வேண்டும்.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க "கிட் எல்எஸ்-ரிமோட் புதுசு" போடுங்கள். அங்கே வரும் ஹாஷும் உங்களிடம் இருக்கும் கடைசி கமிட்டின் ஹாஷும் ஒன்றாக இருந்தால், முதல் கமிட் வரைக்கும் எல்லாம் அப்படியே போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் எங்காவது ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கடைசி ஹாஷ் மாறிவிடும். எனக்கு கிட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்.

இப்போது ரீட்மீ விஷயம். புது ரிப்போவில் ஏற்கெனவே ஒரு கமிட் இருந்தால் அதற்கும் உங்கள் பிராஞ்சுக்கும் பொதுவான மூதாதை இருக்காது. புஷ் ஆகும், ஆனால் அங்கே இருக்கும் மெயினோடு (முதன்மை பிராஞ்ச்) மெர்ஜ் பண்ண, அதாவது இணைக்கப் போனால், இரண்டின் வரலாறும் தொடர்பில்லாதது என்று கிட் மறுத்துவிடும். 2016-ல் வந்த 2.9 பதிப்பிலிருந்து இப்படித்தான். மீறி அனுமதிக்க ஒரு ஆப்ஷன் உண்டு, இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். எதற்கு என்று புரியாமல் அதைப் போடாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். வரலாறு முழுக்கப் போகிறது என்றால், என்றைக்கோ கோடில் எழுதிவைத்து அப்புறம் அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் போகிறது. முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வேண்டுமானால் கிட் ஃபில்டர்-ரிப்போ என்ற கருவியை வைத்து வரலாற்றிலிருந்து நீக்கலாம், ஆனால் அந்த இடத்திலிருந்து ஹாஷ் எல்லாம் மாறும், எனவே ஆபீசில் எல்லாரும் புதிதாக குளோன் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: புது ரிப்போவுக்கு முழு வரலாறும் வேண்டாம், எங்கள் பிராஞ்சில் செய்த கமிட்டுகள் மட்டும் அங்கே இருக்கும் மெயின் மேல் உட்கார வேண்டும். வழி உண்டா?
- வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: உண்டு. கிட் ஃபார்மேட்-பேட்ச் கொடுத்தால் கமிட்டுக்கு ஒரு ஃபைலாக வரும், அவற்றை அங்கே கொண்டுபோய் கிட் ஏஎம் கொடுத்தால் வரிசையாக உட்காரும். எழுதியவர் பெயரும் தேதியும் அப்படியே இருக்கும். முந்தைய கமிட் வேறாகிவிடுவதால் ஹாஷ் மட்டும் மாறும். இடையில் மெர்ஜ் கமிட்டுகள் இருந்தால் அவை பேட்சாக வராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடியாத்தம் தாண்டி எங்கள் ஊர். வீட்டில் நெட் விட்டுவிட்டு வரும், ரிப்போ இருக்கும் லேப் கம்ப்யூட்டரில் இணையமே கிடையாது. பென் டிரைவில் ஃபோல்டரைக் காப்பி செய்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?
- டிப்ளமா மாணவர்

பதில்: அழகான வழி இருக்கிறது தம்பி, நம் ஊர்ப் பக்கம் இதை அதிகம் பேர் பயன்படுத்தாததுதான் வருத்தம். "கிட் பண்டில் கிரியேட்" என்று போட்டு, ஒரு ஃபைல் பெயரும் பிராஞ்ச் பெயரும் கொடுங்கள். பிராஞ்ச் அதன் வரலாற்றோடு ஒரே ஃபைலாக வந்துவிடும். வீட்டில் உள்ள ரிப்போவுக்குள் கிட் பண்டில் வெரிஃபை கொடுத்து ஃபைல் அதில் பொருந்துமா என்று பார்த்துவிட்டு, ரிமோட் (வெளி ரிப்போ) முகவரிக்குப் பதில் அந்த ஃபைலின் பெயரையே கொடுத்து ஃபெட்ச் செய்யலாம், அதாவது இறக்கிக்கொள்ளலாம். அடுத்த முறை கடைசியாகக் கொடுத்த கமிட்டுக்குப் பிறகு உள்ளதை மட்டும் பண்டில் ஆக்கினால் ஃபைல் சின்னதாக இருக்கும். நெட் போதாது என்று குளோன் எடுக்கும்போது டெப்த் 1 (கடைசி கமிட் மட்டும்) கொடுத்திருந்தீர்கள் என்றால் மட்டும் கவனம். அதில் வரலாறே இருக்காது, வேறு சர்வருக்கு புஷ் செய்தால் நிராகரிக்கப்படலாம். கிட் ஃபெட்சை அன்ஷேலோ ஆப்ஷனோடு கொடுத்து முழுதாக இறக்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீசில் இன்னும் சப்வெர்ஷன்தான் (கிட் போலவே கோடின் வரலாற்றை வைத்திருக்கும் பழைய கருவி). அதில் உள்ள பிராஞ்சை கிட்டுக்குக் கொண்டுவர முடியுமா?
- காட்பாடி வாசகர்

பதில்: முடியும். சப்வெர்ஷனில் பிராஞ்ச் என்பது ஒரு ஃபோல்டர்தான். டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற வழக்கமான அமைப்பில் இருந்தால், கிட் எஸ்விஎன் குளோனை எஸ்டிடி-லேஅவுட் (stdlayout) ஆப்ஷனோடு கொடுத்தால் அதைப் புரிந்துகொண்டு பிரித்துத் தரும். சப்வெர்ஷனின் யூசர் பெயர்களை முழுப்பெயர், மின்னஞ்சலோடு பொருத்தும் ஒரு ஆத்தர்ஸ் ஃபைலை முதலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு திருத்துவது பெரிய வேலை. ஒவ்வொரு ரிவிஷனாக (சப்வெர்ஷனில் பதிவான மாற்றம்) இறங்கும் என்பதால் பழைய ரிப்போ என்றால் மணிக்கணக்கில் ஓடும். அது முடியும் வரை யாரும் பழைய இடத்தில் கமிட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிப்போ மாறினால் இஷ்யூக்கள் (பதிந்த பிழைகள், வேலைகள்), புல் ரெக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) பேசியவை எல்லாம் வருமா?
- சத்துவாச்சாரி வாசகி

பதில்: வராதுமா. அவை கிட்டுக்குள் இல்லை, தளத்தின் டேட்டாபேஸில் இருக்கின்றன. அந்தத் தளமே இம்போர்ட் வசதி தந்தால்தான் உண்டு.

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஆபீசில் முதல் வேலை. இரண்டு வருடமாக நான் எழுதிய கோடு, அவர்கள் ரிப்போ மாற்றியபோது சீனியர் ஒருவர் பெயரில் ஒரே கமிட்டாக நிற்கிறது. கேட்டால் "கோடு கம்பெனியோடதுதானே" என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?
- பெயர் வேண்டாம்

பதில்: கோடு கம்பெனியுடையது, சரி. அதை எழுதியவர் நீங்கள் என்பதும் அதே அளவு உண்மை. இங்கே டிப்ளமாவோ பி.சி.ஏ.வோ முடித்துச் சின்ன ஆபீசில் சேரும் பிள்ளைகளுக்கு அந்த கமிட் வரலாறுதான் அனுபவச் சான்று, அதை அலட்சியமாக அழிப்பது தப்பு.

பழைய ரிப்போ, அல்லது யாருடைய கம்ப்யூட்டரிலாவது அதன் முழு குளோன் இருந்தால் எதுவும் தொலையவில்லை. கிட்டில் டெப்த் குறைக்காமல் எடுத்த ஒவ்வொரு குளோனும் முழுப் பிரதி. அந்த பிராஞ்சைப் புது ரிப்போவுக்கு வேறு பெயரில் புஷ் செய்ய அனுமதி கேளுங்கள், இருக்கும் மெயினைத் தொட வேண்டியதில்லை, யாருடைய வேலையும் கெடாது. "கோடில் ஒவ்வொரு வரியின் வரலாறும் பார்க்க வசதியாக இருக்கும்" என்று வேலையை முன்வைத்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கமிட்டுகளில் பழைய மின்னஞ்சல் இருந்தால், புது தளத்தில் உங்கள் கணக்கில் அந்த முகவரியையும் சேர்த்துச் சரிபார்த்துவிடுங்கள், கமிட்டுகள் உங்கள் பெயரோடு இணைந்துவிடும். அந்த முகவரி இப்போது உங்களிடம் இல்லை என்றால் ரிப்போவில் ஒரு மெயில்மேப் ஃபைல் போட்டுப் பழையதையும் புதியதையும் பொருத்துங்கள், கிட் ஷார்ட்லாகில் (பெயர்வாரியான கமிட் பட்டியல்) உங்கள் கமிட்டுகள் எல்லாம் ஒரே பெயரின் கீழ் வரும்.