பள்ளி நூலகத்தில் புத்தகங்களை எப்படி வரிசைப்படுத்துவது?

உங்களுடையது நடுநிலைப் பள்ளி, ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், இரண்டு மூன்று பீரோ, நூலகர் பணியிடம் கிடையாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில், பதிவேட்டு எண் வரிசையில், அதாவது புத்தகம் வந்த வரிசையில் பதிவேட்டில் கொடுத்த எண்படி, அடுக்காதீர்கள். இருப்பு சரிபார்க்க வசதி என்பதற்காகப் பல பள்ளிகளில் அப்படி அடுக்குகிறார்கள். தவளை பற்றிய ஒரு புத்தகம் 212-லும் இன்னொன்று 847-லும் இருந்தால் நான்காம் வகுப்புப் பிள்ளை எதைத் தேடி எடுக்கும்? எண் பதிவேட்டுக்கு, அடுக்கு பிள்ளைக்கு.

பதிவேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண், தேதி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, எப்படி வந்தது எல்லாம் இருக்கட்டும். பழைய எண் இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள். அதைத் தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஒரு நிரந்தரப் பக்கத்திலும் எழுதுங்கள். எல்லாப் புத்தகத்துக்கும் 9-ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லிய புத்தகத்திலும் அது இருக்கும். அட்டை கிழிந்து போனாலும் புத்தகம் எதுவென்று தெரியும்.

அடுத்து, கதைகளைத் தனியாகப் பிரியுங்கள். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை உண்டு. மற்ற கதைப் புத்தகங்களையும் அதே நான்கில் சேர்த்து, படிக்கு ஒரு நிறம் கொடுங்கள். மீதிக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி நூலக வகைப்பாட்டு முறையில் மூன்று இலக்கம் போதும்: 510 கணிதம், 520 வானியல், 580 தாவரம், 590 விலங்கு, 920 வாழ்க்கை வரலாறு.

டூயியைச் சிதைத்துவிட்டேன் என்று நூலக அறிவியல் படித்தவர்கள் கோபப்படலாம். தமிழ் இலக்கியத்துக்கு அதில் எண் 894.811. 16 பக்கக் கதைப் புத்தகத்தில் அதை எழுத முதுகே கிடையாது. நாட்டுப்புறக் கதை 398.2, அதாவது சமூக அறிவியலுக்குப் போய்விடும். பிள்ளைகள் அங்கே தேட மாட்டார்கள். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அதைத்தான் இங்கே பின்பற்றுகிறோம்.

இந்த நிறத்தையும் எண்ணையும் காட்டும் லேபிள் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடையில் விற்கும் வட்ட ஸ்டிக்கரை அப்படியே ஒட்டினால் ஒரு கோடைக்குள் உதிர்ந்துவிடும். மேலே இரண்டு அங்குல டேப்பை, ஸ்டிக்கரைத் தாண்டி இருபுறமும் அரை அங்குலம் வருமாறு ஒட்டுங்கள். ஸ்கெட்ச் பேனா வெளுக்கும்; பெர்மனென்ட் மார்க்கரில் எழுதுங்கள். முதுகின் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்டினால், இடம் மாறிய புத்தகம் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஸ்டேப்பிள் அடித்த புத்தகத்துக்கு முன்னட்டையின் இடது மேல் மூலை. கிழிசலுக்கு மைதா பசை வேண்டாம், இராமபாணப் பூச்சி வரும்.

மெல்லிய புத்தகங்களை நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். பிளாஸ்டிக் ட்ரேயில், முன்னட்டை தெரிய, விரலால் புரட்டிப் பார்க்க இடம் விட்டு வையுங்கள். பீரோ தட்டிலும் கால்வாசி காலியாக இருக்கட்டும். நெருக்கி அடைத்தால் பிள்ளை உச்சியைப் பிடித்து இழுக்கும், முதுகு பிய்ந்துவிடும். பீரோவைச் சுவரை விட்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அந்துருண்டை கூடவே கூடாது; வாயில் போட்டால் ஆபத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொலைந்தால் ஆசிரியர் கட்ட வேண்டும் என்ற பயத்தில்தான் பீரோக்கள் பூட்டிக் கிடக்கின்றன. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-இன்படி, ஆண்டில் வாசிப்புக்குப் போன 1000 புத்தகத்துக்கு 5 தொலைவது இயல்பான இழப்பு. மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது; விலை உயர்ந்த புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் விசாரணை உண்டு. மாநிலப் பள்ளிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாதுதான். ஆனால் பூட்டி வைக்கச் சொல்பவரிடம் தாராளமாக எடுத்துக் காட்டலாம்.