கிளையன்ட்டுக்கு இனியும் ‘கிரீன்’ காட்டலாமா?

கேள்வி: சார், சோழிங்கநல்லூரில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். ஐரோப்பாவில் வீட்டு உபயோகப் பொருட்களை மொத்த வியாபாரம் செய்யும் கிளையன்ட்டுக்கு ஆர்டர், கிடங்கு, பில்லிங் மூன்றையும் ஒரே சிஸ்டத்தில் கொண்டுவரும் ப்ராஜெக்ட். ஃபிக்ஸட் பிரைஸ், 14 மாதம். பத்து மாதம் ஓடிவிட்டது. டீமில் 40 பேர். இரண்டு மாதமாக ‘80 சதவீதம் முடிந்தது’ என்றே ரிப்போர்ட் போகிறது. கிளையன்ட் ஒவ்வொரு ஃபோன் காலிலும் ஒரு மாற்றம் சொல்கிறார்கள். கேட்டால், ‘இது ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே’ என்கிறார்கள். சனிக்கிழமையும் வேலை. இரண்டு நல்ல டெவலப்பர்கள் பேப்பர் போட்டுவிட்டார்கள் (ராஜினாமா). என் மேலதிகாரியோ, “பெஞ்சிலிருந்து (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்களில்) 15 பேரைத் தருகிறேன், தேதியை மட்டும் தொடாதே, ரிப்போர்ட் கிரீனாகவே (எல்லாம் சரியாகப் போகிறது என்றே) போகட்டும்” என்கிறார். ஆட்களை வாங்கிக்கொள்ளலாமா? கிளையன்ட்டிடம் உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

– பெயர் வேண்டாம், சென்னை-119

பதில்: அந்தப் பதினைந்து பேரை வாங்காதீர்கள். உங்கள் மேலதிகாரி கெட்ட எண்ணத்தில் தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலை ஆச்சு, கிளையன்ட்டிடமும் ‘டீமைப் பெரிதாக்கிவிட்டோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர்களுக்கு அந்த வியாபாரத்தையும் பத்து மாதமாக எழுதிய புரோகிராமையும் சொல்லித்தரப்போவது யார்? நாற்பது பேரில் முழு விஷயமும் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே பேப்பர் போட்டாயிற்று. மிச்சமிருப்பவர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பாடம் நடத்த உட்கார வேண்டும்.

1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்ற கணினி இயக்க மென்பொருளின் உருவாக்கத்தைத் தலைமையேற்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் இதை அனுபவத்தில் கண்டவர். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதினார். இன்றைக்கும் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த நம் ஓ.எம்.ஆர். சாலையில் ஏதாவது ஒரு கட்டடத்தில் யாராவது அதை மீண்டும் நிரூபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர் காட்டிய கணக்கை உங்கள் டீமுக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேருக்குள் இருவர் இருவராகச் சேரும் ஜோடிகள் 780. டீம் 55 ஆனால் 1,485. ஆள் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பேசி ஒத்துப்போக வேண்டிய இடங்களோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடப்பில் எல்லோரும் எல்லோரிடமும் பேசப்போவதில்லைதான். ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டதெல்லாம் டெஸ்டிங்கில் பிழையாக வந்து நிற்கும்.

ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைக்கு இரண்டு மூன்று அனுபவசாலிகளைக் கேளுங்கள். பழைய டேட்டாவைச் சுத்தம் செய்ய ஒருவர், டெஸ்டிங்கை ஆட்டோமேட் செய்ய ஒருவர், அவ்வளவுதான். கூடவே, பேப்பர் போட்ட இருவரையும் நிறுத்தி வைக்க ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பதினைந்து பேருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் சின்னப் பகுதி போதும் அதற்கு.

அடுத்து அந்த 80 சதவீதம். இரண்டு மாதமாக ஒரே எண்ணில் நிற்கிற ரிப்போர்ட்டை நீங்களே நம்பவில்லை, அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஸ்கிரீன் முடிந்தது, எத்தனை டிக்கெட் (வேலைக் குறிப்பு) மூடியது என்று எண்ணினால் இந்த எண் இப்படித்தான் இழுக்கும். வேறு மாதிரி எண்ணுங்கள். ஒரு கடைக்காரர் 12 காபி மெஷின் ஆர்டர் போடுகிறார். கிடங்கில் 9 தான் இருக்கிறது. 9 இன்று கிளம்புகிறது, 3 அடுத்த வாரம். பில் இரண்டாக வருகிறது. போனதில் ஒன்று உடைந்திருக்கிறது என்று திரும்பி வருகிறது, அதற்கு கிரெடிட் நோட் (பணத்தைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) போக வேண்டும். இது முழுக்க டெஸ்ட் சர்வரில், நடுவில் யாரும் டேட்டாபேஸில் கைவைக்காமல் ஓடுகிறதா? கிளையன்ட்டின் அன்றாட வியாபாரத்தில் இந்த மாதிரி இருபது முப்பது ஓட்டங்கள் இருக்கும். பட்டியல் போட்டு, எத்தனை ஓடுகிறது என்று இந்த வாரமே பாருங்கள். முப்பதில் பதினொன்று என்று வந்தால் வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும். அதுதான் உங்கள் நிலவரம்.

இப்போது ‘ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே’ என்ற சண்டைக்கு வருவோம். அந்த கிளையன்ட் உங்களை ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் ‘திரும்ப வரும் சரக்கைப் பதிவு செய்யும் வசதி’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் போட்டவர் ஒரு ஸ்கிரீனையும் ஒரு டேபிளையும் நினைத்துக்கொண்டு பத்து நாள் போட்டிருப்பார். கிளையன்ட்டின் கிடங்கு மேலாளர் அதே வரியைப் படித்தபோது அவர் மனதில் ஓடியது வேறு. உடைந்து வந்ததும், பிடிக்காமல் வந்ததும் ஒரே இடத்துக்குப் போகக் கூடாது. தள்ளுபடியில் விற்றதைத் திருப்பினால் எந்த விலைக்கு கிரெடிட்? வண்டி வாடகை யார் தலையில்? ஒரு நாட்டில் வாங்கியது இன்னொரு நாட்டுக் கிடங்குக்குத் திரும்பினால் வரி என்ன ஆகும்? அவருக்கு இதெல்லாம் ஒப்பந்தத்தின் அந்த ஒரே வரிக்குள் அடக்கம், ஏனென்றால் இருபது வருடமாக அவர் செய்கிற வேலை அது. இருவர் சொல்வதும் உண்மைதான். அதனால் ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடி இதில் ஜெயிக்க முடியாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் இன்னும் செய்து முடிக்காத ஒவ்வொரு வரிக்கும், மேலே காபி மெஷினுக்குச் சொன்னது மாதிரி, உதாரணங்களை எழுதி கிளையன்ட்டிடம் ‘இவையெல்லாம் ஓடினால் இந்த வரி முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும், அரை நாள் வேலையாக இருந்தாலும், சிஆர் (மாற்றக் கோரிக்கைப் படிவம்) போடுங்கள். சின்னதை இலவசமாகவே செய்து கொடுங்கள், ஆனால் ‘கட்டணம் பூஜ்யம்’ என்று சிஆரில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலைத் திறந்தால் எத்தனை ‘சின்ன’ மாற்றம் சேர்ந்து எத்தனை வாரத்தைத் தின்றது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். ஃபோன் காலில் நம் பையன்கள் ‘ஓகே, ஷ்யூர்’ என்று சொல்வதை உடனே நிறுத்துங்கள். அவர்கள் ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள், எதிர்முனையில் அது ‘செய்து தருகிறோம்’ என்று மினிட்ஸில் ஏறுகிறது.

மாற்றங்களில் சில கேட்கவே கூடாதவையாகவும் இருக்கும். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் குழுமம் 2011-ல் தன் பழைய சரக்குக் கணக்கு சிஸ்டத்தை விட்டு எஸ்.ஏ.பி. என்ற வணிக மென்பொருளுக்கு மாறக் கிளம்பியது. லிடில் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் பழக்கம் கொண்டது. எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை வளைத்தார்கள். ஒரு இடத்தில் வளைத்தால் அதைத் தொட்டு நிற்கும் பத்து இடத்திலும் வளைக்க வேண்டுமே! 2018-ல் கைவிட்டபோது செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்தி வந்தது. உங்கள் கிளையன்ட்டின் பட்டியலிலும் ‘நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்ற ரகத்தில் நாலைந்தாவது இருக்கும். அவற்றைத் தனியாக எடுத்து, ‘இதை இப்படியே கட்டினால் இவ்வளவு மாதம், உங்கள் நடைமுறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் இவ்வளவு நாள்’ என்று காட்டுங்கள். இதை டெவலப்பர்கள் சொன்னால் எடுபடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, ‘கிளையன்ட் சொல்கிறார்கள்’ என்று பன்மையில் மட்டுமே எழுதியிருப்பது. கிடங்குக்காரர் ஒன்று கேட்கிறார், கணக்குப் பிரிவு இன்னொன்று கேட்கிறது, இரண்டும் மோதினால் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. அங்கே ‘இது இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, 2013 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்ட அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் இருக்கிறது. அதில் வேலை செய்த ஒப்பந்தக்காரர்கள் ஐம்பதுக்கும் மேல். எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கும் பொறுப்பை ஒரு அரசுத் துறையே வைத்துக்கொண்டது. ரிக்வயர்மென்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, முழு ஓட்டத்தையும் சோதிக்க நேரம் போதாது என்று அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே வெளி ஆலோசகர்கள் சொல்லியிருந்தார்கள். தேதி நகரவில்லை. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். பிறகு அதைத் தூக்கி நிறுத்தியபோது, ஒருங்கிணைப்புக்கு ஒரே நிறுவனத்தைப் பொறுப்பாக்கினார்கள், தினமும் கூடிப் பேசினார்கள். பழி போடுவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள், இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க மட்டும் என்று விதி வைத்தார்கள். பதவியில் பெரியவர் பேசட்டும் என்றில்லாமல் விஷயம் தெரிந்தவர் பேசட்டும் என்றார்கள். இரண்டே மாதத்தில் தளம் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்யத் தொடங்கியது.

ஆகவே கிரீன் வேண்டாம். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் நம் துறையில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்று கிண்டல் செய்வார்கள். கிளையன்ட்டுக்கும் இது தெரியாமல் இல்லை. கோ-லைவுக்கு (சிஸ்டம் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு) இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, சொல்வதற்கு இதுதான் நேரம். மூன்று வாரம் இருக்கும்போது சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, கோபப்பட மட்டுமே முடியும். இன்று சொன்னால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

ஆனால் ‘தாமதமாகிவிட்டது’ என்று மட்டும் போய் நிற்காதீர்கள். முடிவெடுக்கும் அந்த ஒருவருக்கு எழுதும் மெயிலின் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘முக்கியமான 30 வியாபார ஓட்டங்களில் இன்று 11 முழுமையாக ஓடுகின்றன. இதே வேகத்தில் போனால் குறித்த தேதியில் எல்லாம் முடியாது. உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதே தேதியில் ஒரே ஒரு கிடங்கை மட்டும், இணைப்பில் உள்ள 18 ஓட்டங்களோடு தொடங்குவது. இன்னொன்று, எல்லாக் கிடங்குகளையும் சேர்த்து மூன்று மாதம் தள்ளித் தொடங்குவது. எங்கள் பரிந்துரை முதலாவது. வருகிற வெள்ளிக்குள் உங்கள் முடிவு தேவை.’ எண்களை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்க வேண்டாம்.

மேலதிகாரியைத் தாண்டி இந்த மெயிலை அனுப்பாதீர்கள். அது உண்மையாகவே வேலைக்கு ஆபத்து. முதலில் அவரிடம் ஓட்டங்களின் பட்டியலையும் பூஜ்யக் கட்டண சிஆர்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்குப் பயம் ஒப்பந்தத்திலுள்ள தாமத அபராதத்தைப் பற்றித்தான் இருக்கும். கிளையன்ட் தரப்பிலிருந்து பதில் வரத் தாமதமான கேள்விகளையும், அவர்கள் கேட்ட மாற்றங்களையும் தேதி போட்டுக் காட்டினால், அபராதப் பேச்சில் அவருக்கே அது கையில் ஆயுதம். அப்படியும் ‘கிரீனே போகட்டும்’ என்றால், ‘நேற்றுப் பேசியபடி நிலவரம் ரெட் என்பது என் மதிப்பீடு, உங்கள் அறிவுறுத்தலின்படி கிரீன் என்று அனுப்புகிறேன்’ என்று அவருக்கு மட்டும் பணிவாக ஒரு மெயில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் அந்த மெயில் போன மறுநாளே ஆம்பருக்காவது (மஞ்சள், அதாவது கவனம் தேவை) இறங்கிவருவார்கள். வராவிட்டால், அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் அனுபவத்துக்கு வேறு கதவு திறக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு மாதத்தில் உங்களைக் கவிழ்க்கப்போவது புரோகிராமாக இருக்காது, பழைய டேட்டாவாக இருக்கும். ஒரே கடைக்காரர் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று வாடிக்கையாளராக இருப்பார், மூன்றிலும் பாக்கி இருக்கும். ஃபோன் நம்பர் கட்டத்தில் யாரோ ‘ஞாயிறு கூப்பிடாதே’ என்று குறித்து வைத்திருப்பார்கள். இதை எந்த புரோகிராமாலும் தானாகச் சரிசெய்ய முடியாது, அந்த ஊழியர்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும். முழு டேட்டாவையும் வைத்து ஒரு ஒத்திகை மைக்ரேஷனை (புது சிஸ்டத்துக்கு மாற்றுவதை) அடுத்த மாதத்துக்குள் நடத்துங்கள். யூஏடிக்கு (பயன்படுத்தப்போகிறவர்களே செய்யும் இறுதிச் சோதனைக்கு) வரப்போகும் கிளையன்ட் ஊழியர்களின் பெயரையும், அந்த வாரங்களில் அவர்களின் அன்றாட வேலையை யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். பேப்பர் போட்டவர்களில் ஒருவர் பில்லிங் பகுதியைக் கட்டியவராக இருந்தால், அவருடைய நோட்டீஸ் காலத்தில் புது புரோகிராம் வேலை எதுவும் கொடுக்காமல் இந்த ஒத்திகையிலேயே உட்கார வையுங்கள்.