ஓவர்ஃப்ளோவுக்குள்ள விழுந்த மீன்: கேள்வி பதில்

சம்ப், அதாவது கீழ தனியா ஒரு ஃபில்டர் தொட்டி, வெச்ச மீன் தொட்டி வாங்கினவங்க எல்லாரும் என்னிக்காவது ஒரு நாள் காலையில மீன் எண்ணிப் பார்த்து, "ஒன்னு குறையுதே"ன்னு நிப்பாங்க. மேல் தொட்டித் தண்ணி, மூலை அறையோட பல் பல்லா வெட்டின விளிம்பு வழியா வழிஞ்சு, பைப்ல சம்புக்கு இறங்கும்; பம்ப் அதை மறுபடி மேல ஏத்தும். அந்த மூலை அறைதான் ஓவர்ஃப்ளோ. அப்படி நின்னவங்க அனுப்பின கேள்விகள் இவை.

கேள்வி (மடிப்பாக்கம்): அண்ணா, 4 அடி கடல் மீன் தொட்டி. நேத்து ராத்திரி க்ளௌன் மீன் ஒன்னு மூலையில இருக்கற ஓவர்ஃப்ளோ அறைக்குள்ள போயிடுச்சு. உள்ள கை நுழையல. வலை விட்டா பைப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது. ஒரு மணி நேரமா போராடறேன்.

பதில்: முதல்ல வலையை வெளிய எடுங்க தம்பி. மேல இருந்து வலை இறங்கினா மீன் கீழதான் ஓடும். அந்த அறையில தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு, காத்து கலந்த தண்ணி. ராத்திரி முழுக்க அங்க இருந்தாலும் ஒன்னும் ஆகாது. அவசரம் நமக்குத்தான்.

இப்ப டார்ச் அடிச்சு உள்ள என்ன பைப் நிக்குதுன்னு பாருங்க. தண்ணி இறங்கற பைப் மேல்மட்டம் வரைக்கும் உயரமா இருந்தா, பம்பை நிறுத்தினாலும் அறையில தண்ணி அப்படியே நிக்கும். வாய் அடியிலேயே இருந்து, கீழ வால்வ் வெச்சு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தற மாதிரி இருந்தா கதை வேற. பம்பை நிறுத்தின கொஞ்ச நேரத்துல தண்ணி முழுக்க சம்புக்கு இறங்கி, மீன் ரெண்டு விரக்கடை தண்ணியில துள்ளிக்கிட்டு கிடக்கும். அதனால பம்பை நிறுத்தின கையோட வால்வை மூடுங்க. வரிசை மாறக் கூடாது. பம்ப் ஓடும்போது வால்வை மூடினா தொட்டி வழியும்.

அடுத்து, சம்புல இருந்து மக்ல தண்ணி எடுத்து அறையைப் பல் மட்டம் வரைக்கும் நிரப்புங்க. உயரமான பைப்னா அதோட வாயை ஒரு ஸ்பாஞ்ச் துண்டால அடைச்சுட்டு நிரப்பணும். முடிஞ்சதும் எடுக்க மறந்துடாதீங்க. வலையை மேல ஒரு ஓரமா அசையாம பிடிச்சுக்கிட்டு, எதிர் ஓரத்துல அரை இன்ச் பைப் துண்டு ஒன்னை மெதுவா அடி வரைக்கும் இறக்குங்க. பைப்தான் நகரணும், வலை நகரக் கூடாது. மீன் பைப்புக்குப் பயந்து மேல ஏறி, தானா வலைக்கு வரும்.

அதுக்கும் மசியலைன்னா பாட்டில். வாட்டர் பாட்டிலைத் தோள்பட்டையில வெட்டி, மேல் பாதியைத் தலைகீழா உள்ள செருகுங்க. சூடு பண்ணின ஆணியால பக்கத்துல நாலஞ்சு ஓட்டை, அடியில ரெண்டு கூழாங்கல், ஒரு துண்டு உறைஞ்ச ஆர்ட்டீமியா (மீன் தீனிக்கு விக்கற குட்டி இறால்). நூல் கட்டி இறக்குங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் பம்பை நிறுத்தி வெச்சாதான் தீனி அடிச்சுட்டுப் போகாம இருக்கும். மீனை ஒரு நாள் பட்டினி போட்டுட்டு வெச்சா சீக்கிரம் மாட்டும். என் ஃபயர்ஃபிஷ் மீன் மூணாவது தடவைதான் மாட்டிச்சு.

ஒன்னு மட்டும் செய்யாதீங்க: வசதிக்காக உள்ள இருக்கற பைப்பை உருவறது. 15 செ.மீ. சதுரம், 55 செ.மீ. தண்ணின்னு வெச்சாலே அறையில 12 லிட்டருக்கு மேல இருக்கு. அத்தனையும் அந்த ஓட்டை வழியா இறங்கும், கூடவே மீனும்.

கேள்வி (கோவை): பல் இடைவெளி பெருசா இருக்கு. கொசு வலை கட்டிடலாமா சார்?

பதில்: நான் கட்டினேன். ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா ஹால்ல தண்ணி, கீழ் வீட்டு மாமி வாசல்ல. கொசு வலைக் கண் ரொம்பச் சின்னது. ரெண்டு இலை, கொஞ்சம் பாசி போதும், அடைச்சுக்கும். நீங்க போடற எந்தத் தடுப்பும் மீனைத் தடுக்கற அளவுக்குத் தண்ணியையும் தடுக்கும், அதை மறந்துட்டுதான் எல்லாரும் வலை கட்டறாங்க.

5, 6 மில்லிமீட்டர் கண் உள்ள பிளாஸ்டிக் வலை எடுங்க. பல்லோட ஒட்டிக் கட்டாம, அரை வட்டமா வெளிய தள்ளி நிக்கற மாதிரி வளைச்சுக் கட்டுங்க. பரப்பு கூடும், சீக்கிரம் அடைக்காது. ஜி.ஐ. கம்பி வலை வேண்டாம், துத்தநாகம் தண்ணியில இறங்கும், இறாலுக்கு ஆகாது. கட்டினதும் தண்ணி மட்டத்தை மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. கோட்டுக்கு மேல ஏறுச்சுன்னா வலையைக் கழுவற நாள் வந்துடுச்சு.

அப்புறம், பல்லுக்கு வலை கட்டிட்டு அறையோட மேல் வாயைத் திறந்து விடறவங்கதான் அதிகம். குதிக்கற மீன் மேல வழியாத்தான் விழும். ஒரு அக்ரிலிக் துண்டை வெட்டி மூடுங்க.

கேள்வி (கொளத்தூர்): கப்பி வளர்க்கறேன். குட்டி எல்லாம் சம்புக்குப் போயிடுது.

பதில்: போகட்டுமே! பிறந்த குட்டி எந்தப் பல்லுக்குள்ளயும் நுழையும். பல்லுல ஸ்பாஞ்ச் வெச்சா தினமும் கழுவணும், ஒரு நாள் விட்டா வழியும். சம்புல குட்டியைத் தின்ன பெரிய மீன் இல்ல. பம்ப் உறிஞ்சற வாய்க்கு மட்டும் ஸ்பாஞ்ச் மாட்டுங்க. ஃபில்டர் பை வெச்சிருந்தா காலையும் சாயங்காலமும் அதுக்குள்ள பாருங்க, அங்க மாட்டினதுதான் சாகும்.

கேள்வி (திருச்சி): ஒரே ஃபயர்ஃபிஷ் மூணாவது தடவையா உள்ள போயிடுச்சு. ராசி இல்லாத மீனா?

பதில்: ராசி இல்ல, ரௌடி இருக்கான் உங்க தொட்டியில. யாரோ துரத்தறாங்க. துரத்தற மீனுக்கு எட்டாத ஒரே இடம் அந்த அறை, அதான் திரும்பத் திரும்பப் போகுது. தீனி போட்டுட்டு பத்து நிமிஷம் தள்ளி உக்காந்து பாருங்க, யாருன்னு தெரிஞ்சுடும். அவனைப் பிரிச்சு வைங்க, இல்லாட்டி கல் அடுக்கை மாத்துங்க. தொட்டி லைட்டைப் படக்குனு அணைக்கறதும் ஒரு காரணம். ரூம் லைட் எரியும்போதே தொட்டி லைட்டை அணைச்சுட்டு, அரை மணி கழிச்சு ரூம் லைட்டை அணைங்க.

கேள்வி (மதுரை): கரண்ட் கட் ஆனா சம்ப் வழியுது. ஒரு தடவை சின்ன இறாலும் பைப் வழியா வந்துச்சு.

பதில்: பம்ப் நின்னதும் தண்ணி ஏத்தற பைப் திரும்பி உறிஞ்சும். உங்க தொட்டி 120க்கு 60 செ.மீ.ன்னா, 1 செ.மீ. மட்டம் இறங்கினாலே 7.2 லிட்டர். பைப் வாய் 3 செ.மீ. முங்கி இருந்தா 21 லிட்டருக்கு மேல கீழ வரும். தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ அந்தப் பைப்புல ஒரு சின்ன ஓட்டை போடுங்க, காத்து புகுந்து உறிஞ்சறது நின்னுடும். நத்தை அந்த ஓட்டையில வந்து உக்காரும், வாராவாரம் குச்சி விட்டுப் பாருங்க.

கேள்வி (தாம்பரம்): ஓவர்ஃப்ளோல இருந்து காப்பாத்தின மோலி மீனுக்கு செதில் உரிஞ்சிருக்கு. மருந்து?

பதில்: அதே தண்ணிதான், பழக்கணும்னு பையில மிதக்க விட வேண்டாம். தனியா வெச்சு, 10 லிட்டருக்கு 10 கிராம் கல் உப்பு போதும். கூட லோச் மீன் இருந்தா உப்பு வேண்டாம், அதுக்கு அவ்வளவா ஒத்துக்காது.

கேள்வி (மறுபடி தாம்பரம்): லோச்னதும் ஞாபகம் வந்துச்சு. ஆறு கூலி லோச் (பாம்பு மாதிரி நீளமான சின்ன மீன்) விட்டேன், ரெண்டுதான் கண்ணுல படுது.

பதில்: மீதி நாலும் சம்புல, பயோ பால் (ஃபில்டருக்குப் போடற பிளாஸ்டிக் உருண்டை) கூடைக்கு அடியில இருக்கும்மா. கூடையை மொத்தமா தூக்காதீங்க, நசுங்கிடும். ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, வாலாவது தெரியும். என்னுது ஒன்னு ரெண்டு வருஷமா அங்கதான் குடியிருக்கு. எடுத்து மேல விட்டேன், மறுநாள் காலையில மறுபடி கீழ. விட்டுட்டேன்.