அமெரிக்காவில் ஊர்மட்ட கன்சர்வேட்டிவ் (குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த வலதுசாரி) குழுக்கள் தேர்தல் வருடத்தில் என்னதான் செய்கின்றன? கிரீன் கார்டு வைத்திருப்பவர் அங்கே போகலாமா?

போகலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டெக்சாஸில், டாலஸ் புறநகர் ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டதால் இப்படி ஒரு குழுவின் மாதக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். டீவியில் காட்டுகிற கொடி, கோஷம், சிவப்புத் தொப்பி இதையெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள், பிரார்த்தனை, கொடி வணக்கம், அப்புறம் யாராவது ஒரு வேட்பாளர் வந்து பேசுவார், அவரைச் சொத்து வரி பற்றிக் குடைந்து எடுப்பார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு), கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எல்லாம் சொத்து வரியை நம்பித்தான் ஓடுகின்றன. பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட மே மாதத்தில் வாக்கெடுப்பு வைத்தால் இவர்கள் அந்த ஆவணத்தை வரிக்கு வரி படித்துவிட்டு வந்து நிற்கிறார்கள், ஊரில் வேறு யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இவர்களுக்கு நவம்பரை விட மார்ச்தான் பெரிய மாதம். டெக்சாஸில் இரட்டைப்படை வருடங்களில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். குடியரசுக் கட்சி வலுவாக இருக்கிற தொகுதிகளில் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரிலும் ஜெயித்துவிடுவார், ஆனால் அந்த பிரைமரிக்கு வருகிற கூட்டம் ரொம்பக் குறைவு. கொஞ்சம் பேர் சேர்ந்து தெருத் தெருவாக ஆள் கூட்டி வந்தாலே முடிவு மாறிவிடும். குடியரசுக் கட்சியின் 2012 செனட் பிரைமரி நல்ல உதாரணம், அந்த வருடம் மட்டும் அது மே மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. துணை ஆளுநராக இருந்த டேவிட் டூஹர்ஸ்ட் பெரிய பணக்காரர், ஆளுநர் ரிக் பெர்ரியின் ஆதரவும் அவருக்குத்தான். முதல் சுற்றில் அவருக்குச் சுமார் 45 சதவீதம், எதிர்த்து நின்ற டெட் குரூஸுக்கு 34. யாரும் பாதியைத் தாண்டாததால் ஜூலை 31 அன்று இரண்டாவது சுற்று, கொளுத்துகிற வெயில், விடுமுறைக் காலம். அன்று வந்து நின்றவர்களில் டீ பார்ட்டி (வரியும் அரசுச் செலவும் குறையவேண்டும் என்கிற கன்சர்வேட்டிவ் இயக்கம்) ஆட்கள் நிறைய, குரூஸ் ஏறத்தாழ 57 சதவீதத்தோடு ஜெயித்தார்.

இன்னொன்று, யாரும் கவனிக்காத ஒரு பதவி: பிரிசிங்க்ட் சேர். நம்ம ஊர் பூத் பொறுப்பாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே தலைமை நியமிப்பதில்லை, பிரைமரியிலேயே அந்தப் பகுதிக் கட்சி வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டு வருடப் பதவி, சம்பளம் கிடையாது. நிறைய இடங்களில் போட்டியிடவே ஆள் இருக்காது. இப்படிக் காலியாகக் கிடக்கிற இடங்களில் குழு தன் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டே போனால், கவுன்ட்டி கட்சியின் செயற்குழுவே மெல்ல இவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஊர்வலம் நடத்துவதை விட இது எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றும்.

வீடு வீடாகப் போவதும் கண்மூடித்தனமாக இல்லை. யார் எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள், எந்தக் கட்சியின் பிரைமரிக்குப் போனார்கள் என்பது இங்கே வாங்கிப் பார்க்கக்கூடிய பதிவு (யாருக்குப் போட்டார்கள் என்பது மட்டும் ரகசியம்). முதல்முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நவம்பரில் தவறாமல் வந்து பிரைமரிக்கு மட்டும் வராதவர்கள் யார் என்று பிரித்து, அந்தக் கதவுகளை மட்டும் தட்டுகிறார்கள்.

எல்லாம் சாதகமாகவே முடியும் என்று இல்லை. 2010-ல் டெலவேரில் இதே மாதிரி ஆட்கள் முன்னாள் ஆளுநர் மைக் காசிலை பிரைமரியில் தோற்கடித்து கிறிஸ்டின் ஓ'டானலை நிறுத்தினார்கள். நவம்பரில் அந்த செனட் இடம் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸுக்குப் போய்விட்டது. எங்கள் குழுவிலும் இந்தச் சண்டை ஓயாது: கொள்கைக்காரரா, ஜெயிக்கக்கூடியவரா? ஒரு தடவை இதற்காகவே பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்த் தனிக் குழு ஆரம்பித்துவிட்டார்கள். குடியேற்றம் பற்றிப் பேச்சு வரும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், "உன்னைச் சொல்லலப்பா" என்கிற மாதிரி ஒருவர் தோளில் தட்டுவார், அது இன்னும் மோசம். பள்ளிச் செலவு, வரி பற்றி அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் நியாயமானவை.

சரி, கிரீன் கார்டு. கூட்டத்துக்குப் போகலாம், சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் வேலை செய்யலாம், நிரந்தரக் குடியிருப்பாளர் என்பதால் வேட்பாளருக்கு நன்கொடையும் தரலாம். எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் நன்கொடை தரவே கூடாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் உற்சாகத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாக எழுதிக் கொடுப்பது குற்றம், கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும், அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.