எதிர் வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் இருந்து போரூருக்கு வந்து இன்னும் சாமான் பெட்டியே முழுக்கப் பிரிக்கவில்லை, அதற்குள் எதிர் ஃபிளாட்டுக்கு ஆவணி பிறந்ததும் புதுக் குடும்பம் வருகிறது, வரவேற்க என்ன கொடுக்கலாம், அம்மா தந்துவிட்ட சீனிச் சம்பல் போத்தல் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம், போலீஸ் பதிவு என்று ஒரு பட்டியல். அதெல்லாம் கடைசியில்.

முதலில் அந்தச் சம்பல் போத்தலை உள்ளே வையுங்கள். அதில் மாசிக் கருவாட்டுத் தூள் இருக்கிறது. நமக்கு அது வாசத்துக்குப் போடுவது. சைவக்காரர் வீட்டில் அது மீன்தான். கேக்கும் அப்படியே. நம் ஊர்க்காரர் ஒருவர், கனடாவில் இருந்து வந்து வளசரவாக்கத்தில் வீடு எடுத்தவர், மேல்மாடி மாமிக்குப் பட்டர் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமி சிரித்தபடி வாங்கிக்கொண்டு, "முட்டை சேர்த்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "கொஞ்சம்தான்" என்று இவர் பதில் சொன்னாராம்! சாயங்காலம் வாட்ச்மேன் அந்தக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குச் சைவம், சனிக்கிழமைக்கு நண்டு என்று வளர்ந்த நமக்கு இது பிடிபட நாளாகும். வருகிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியும்வரை முட்டை, மீன் பக்கமே போகாதீர்கள்.

கனடா, லண்டன்காரரைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு வாய் மூடாது. சாக்லேட் டின்னும் சென்ட் போத்தலும் கொடுத்தால் தெருவே தன் பக்கம் என்று நினைப்பு. வாங்குகிறவர் பதிலுக்கு என்ன செய்வது என்று முழிப்பார். இந்த ஊரில் டப்பா வெறுமையாகத் திரும்பி வராது. நீங்கள் ஒரு டப்பா கொடுத்தால் அதில் நாலு முறுக்காவது போட்டுத்தான் தருவார்கள். அதனால் அவர்களால் திருப்பிச் செய்ய முடிகிற அளவில் கொடுங்கள். டப்பா வரத் தாமதமானால் போய்க் கேட்டுவிடாதீர்கள், அது மட்டும் பெரிய மரியாதைக்குறைவு.

சிலோன் தேயிலை கொடுக்கலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். ஃபில்டர் காபி வீட்டில் அது ஷெல்ஃபில் கிடந்து காலாவதியாகும். அம்மாவிடம் பனங்கட்டிக் குட்டான், அதுதான் ஓலைக் கூட்டில் வரும் நம் ஊர்க் கருப்பட்டி, இருக்கிறதா? அதைக் கொடுங்கள். கருப்பட்டிக் காபிக்கு இங்கே இப்போது நல்ல மவுசு. ஓலையில் பின்னிய அந்தக் குட்டானைப் பார்த்ததுமே பேச்சுத் தொடங்கிவிடும், உங்கள் ஊர் எது என்று அவர்களாகவே கேட்பார்கள். வெற்றிலை, பூ, குங்குமம் வைத்துக் கொடுப்பது என்றால் எந்த வீடு என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஆனால் குட்டானெல்லாம் மறுநாளைக்கு. சாமான் இறக்குகிற அன்றைக்கு வேண்டியது தண்ணீர். இருபது லிட்டர் கேன் ஒன்றும், ஃபிளாஸ்க்கில் காபியும், கேன் போடுகிறவர், அயர்ன்காரர், பிளம்பர் நம்பர்கள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும். காலையில் பால் காய்ச்சிவிட்டு அவர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் தம்ளரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தம்ளரையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

இதை நான் எதிர்வீட்டு அக்காவிடம் படித்தேன். நாங்கள் வந்தது 1996-ல், மெட்ராஸ் சென்னையாகப் பெயர் மாறிய வருடம். முந்தின வருடக் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து, கொழும்பில் கொஞ்ச நாள் இழுபட்டு, இங்கே வந்தால் வீடு கிடைக்கவில்லை. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்கு அப்புறம் சிலோன் என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக்காரருக்கு வெளியூரில் இருக்கும் அண்ணனைக் கேட்க வேண்டியிருக்கும். அந்த அண்ணன் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. கடைசியில் வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீடு கிடைத்தது. வளசரவாக்கம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. நாங்கள் போனபோது எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான் கதி. குடிபோன அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. எதிர்வீட்டு அக்கா, திருநெல்வேலிக்காரர், இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு படியேறி வந்தார். வரிசையில் மாறிப்போகாமல் இருக்கக் குடத்தின் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருந்தார். "கேரளாவா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். இனி அண்ணன் கதைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். லாரி எந்தக் கிழமை வரும், குடத்தை முந்தின இரவே எங்கே வரிசையில் வைக்க வேண்டும், எந்த வீட்டுக்காரி இடம் பிடிப்பதில் கெட்டிக்காரி, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பிறகு டிகாஷன் இறக்கவும் அவரே சொல்லித் தந்தார். இன்றைக்கு என் காபியை மயிலாப்பூர்க்காரர்கூடக் குறை சொல்ல மாட்டார்.

இங்கே இருக்கிற நம் ஆட்கள் பலர், பக்கத்து வீட்டுக்காரர் பேச மாட்டார் என்று இன்னமும் புலம்புவார்கள். இவர்கள் கதவைத் திறந்து எப்போது பேசினார்களோ!

மற்றதெல்லாம் சுருக்கமாக. அட்வான்ஸ் பத்து மாதம் என்பது பழைய வழக்கம். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது; ஆனால் அதிகம் தருவதாக நீங்களே கையெழுத்துப் போட்டால் அதுதான் நிற்கும், படித்துப் போடுங்கள். போலீஸ் பதிவுக்கு, வெளிநாட்டவர் குடியிருப்பதைத் தெரிவிக்கும் படிவத்தை வீட்டு ஓனர் பதிந்தாரா என்று முதலில் கேளுங்கள். மீதிக்கு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், என் பிள்ளைகள் படித்து முடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது, இப்போதைய ஃபீஸைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது.

கேனை மட்டும் முந்தின நாளே வாங்கி வையுங்கள். ஆவணி முகூர்த்தத்தில் பாதித் தெரு வீடு மாறும், சொன்ன நேரத்துக்குக் கேன் வராது.